பூ பார்க்கப் படுத்தவனுக்கு ஆம்புலன்ஸ்

நாற்பது வயதைத் தாண்டிய தமிழனுக்கு நியூ ஜெர்சியில் ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தே தீரும். சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள். சிலர் ஜூமில் மிருதங்கம் கற்றுக்கொண்டு பக்கத்து வீட்டாரின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு ஸ்னோட்ராப் பிடித்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில், பனி முழுசாகக் கரையாத தரையில், ஒரு சாண் உயரத்துக்கு முளைத்து, வெள்ளையாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பூக்கும் கிழங்குச் செடி அது. தலையில் வைத்துக்கொள்ள முடியாது. சமைத்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் உள் இதழில் இருக்கும் பச்சைப் பொட்டு ஒரு நூல் அளவு கூடினால் அதற்குத் தனிப் பெயர், தனி விலை, அதை வாங்க உலகம் முழுக்க என்னைப் போன்ற ஆட்கள். (விலையை இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவி ஹேமா இதைப் படிப்பாள்.)

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று அவள் ஒருமுறை கேட்டுவிட்டாள். நான் இரண்டு நாள் பேசவில்லை. (அவள் அதைக் கவனிக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

வாங்கி வைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். பெருக்க ஆசைப்பட்டேன். கிழங்கைப் பூண்டுப் பல் சீவுவது போல மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஈரப்பொடியில் போட்டு, பையில் கட்டி இருட்டில் வைத்தால், கீற்றுக்கு ஒரு குட்டிக் கிழங்கு வரும் என்று படித்தேன். இட்லிப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். குட்டி வரவில்லை, நாற்றம் வந்தது. அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். யார் செய்த பாவமோ, அடுத்து புதிய ரகமே உருவாக்குவது என்று முடிவெடுத்தேன்.

என்னிடம் ஒரு மஞ்சள் இருந்தது. மற்ற பூக்களில் பச்சையாக இருக்கும் பொட்டு இதில் மஞ்சளாக இருக்கும். வாங்கி நட்டதும் மூன்று வருடம் இலையை மட்டும் காட்டி முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த பிப்ரவரியில் முதன்முதலாக ஒரே ஒரு மொட்டு விட்டது. பென்சில்வேனியாவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், என்னைவிட முற்றிய கேஸ், தன் உயரமான ரகத்தின் மகரந்தத்தை ஒரு மாத்திரைக் குப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பியிருந்தார். இரண்டையும் சேர்த்தால் உயரமான மஞ்சள் பிறக்கும். அதற்கு "ஹேமா" என்று பெயர் வைப்பதாகத் திருமண நாளன்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"வளையல்னா கையிலயாவது போட்டுக்கலாம்," என்றாள் ஹேமா. ஆனாலும் அன்று மாலை அவள் தன் அக்காவிடம் போனில், "என் பேர்ல ஒரு பூ வரப்போகுதாம்," என்று சொன்னதை நான் கேட்டேன். அதனால் விஷயம் எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

பூ நல்ல வெயில் பட்டால்தான் விரியும். புதன்கிழமை மதியம் மட்டும் வெயில், அதற்கப்புறம் வாரம் முழுக்கப் பனி என்றது வானிலை அறிக்கை. அதே புதன்கிழமை ஆபீஸில் பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ். என் மேனேஜர் பாஸ்கர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், நம்ம ஊர்க்காரர், நல்ல மனிதர். இருந்தாலும் கிரீன் கார்டு பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒருவன், ரிலீஸ் அன்று "ஒரு பூவுக்குக் கல்யாணம்" என்று லீவு கேட்க முடியுமா? "ஃபீவர், தலையைத் தூக்க முடியல," என்று மெசேஜ் அனுப்பினேன். அன்று மதியம் முழுக்கத் தலையைத் தூக்கப்போவதில்லை என்பதால் பாதி உண்மைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மதியம் வெயில் வந்தது. மஞ்சள் விரிந்தது. ஹேமா மாடியில் ஆபீஸ் போன் காலில் இருந்தாள். நான் கறுப்பு ஜாக்கெட், குரங்குக் குல்லா சகிதம் வீட்டு முன்புறப் புல்தரையில் குப்புறப் படுத்தேன். பூ கவிழ்ந்திருப்பதால் கன்னத்தைத் தரையில் வைத்தால்தான் உள்ளே தெரியும். மூச்சு விட்டால் மகரந்தம் பறந்துவிடும் என்பதால் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். பிரஷ் நுனி பூவுக்கு ஒரு அரிசி தூரத்தில் இருந்தது.

"தம்பி?"

எதிர்வீட்டு ரங்கநாதன் அங்கிள். மகனைப் பார்க்க மாம்பலத்திலிருந்து வந்திருப்பவர். தினமும் மதியம் நடைப்பயிற்சி போவார். பதில் சொன்னால் மகரந்தம் போய்விடும். நான் அசையவில்லை.

"தம்பி, என்ன ஆச்சு? தம்பி?"

போய்விடுவார் என்று நினைத்தேன். அங்கிள் அமெரிக்கா வந்த முதல் நாளே மகன் அவருக்கு அவசர உதவிக்கான 911 எண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தான், அவரும் மாதக்கணக்கில் ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தார் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தலைக்கு மேல் அவருடைய கணீர் குரல் கேட்டது: "மேன் டவுன். நோ பிரீத்திங்." தொடர்ந்து, எங்கள் பேட்டைத் தமிழர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜும் போயிற்று.

நான் பதறி எழப் பார்த்தேன். "அசையாதீங்க," என்று அங்கிள் என் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார். பிரஷ் கையிலிருந்து நழுவியது. "அங்கிள், ஐ ஆம் ஃபைன், நான் பூவைத்தான்..." என்று ஆரம்பித்தேன். "பெனாத்த ஆரம்பிச்சுட்டான்," என்றார் அவர், போனில் இருந்த யாரிடமோ.

சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ் நின்றது. இறங்கிய இளைஞனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி, வீட்டுச் செருப்போடு, இரண்டு தெரு ஓடி வந்து மூச்சிரைக்க நின்றார் பாஸ்கர்.

"காலைலயே மெசேஜ் பார்த்தேன். இவ்ளோ சீரியஸ்னு நினைக்கலையே," என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பொய்யனா, நோயாளியா? யோசிக்க அவகாசமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முனகினேன்.

ஹேமா படியிறங்கி ஓடி வந்தாள். அவள் ஒருத்திக்குத்தான் நான் எதற்காகப் படுத்திருந்தேன் என்று தெரியும். பயப்படாதே என்று சொல்வதற்காக ஸ்ட்ரெச்சரிலிருந்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"பாத்தீங்களா, முகம் ஒரு பக்கமா இழுக்குது," என்றார் அங்கிள். அதை ஆங்கிலத்திலும் சொன்னார். அதன் பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவு மூடும்போது மஞ்சள் பூ வெயிலில் விரிந்தபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குப்பியில் பாதி மகரந்தம் இன்னும் என் பாக்கெட்டில் இருந்தது. நான்கு மணிக்குள் திரும்பிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் என் இதயம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது ஹேமாவும், அவளைக் காரில் அழைத்துவந்த பாஸ்கரும் உள்ளே நுழைந்தார்கள். பாஸ்கர் கையில் ஒரு காபி கப். அதில் ஆறேழு வெள்ளைப் பூக்கள். நடுவில், ராணி மாதிரி, மஞ்சள்.

"பேஷன்ட்ட பாக்க வெறுங்கையோட வரக்கூடாது இல்லையா," என்றார் பாஸ்கர். "கடைக்குப் போக நேரமில்ல. உங்க வாசல்லயே நல்லா பூத்திருந்துது. இந்த மஞ்சள் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது, அதையும் சேர்த்துட்டேன்."

திரை 'பீப் பீப் பீப்' என்று அலறியது. நர்ஸ் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் டாக்டர். "இப்போ என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்டார். மூன்று வருடக் காத்திருப்பு காபி கப்பில் நிற்பதைப் பார்க்கும்போது மனிதன் என்ன உணர்வான்? "ரொம்ப அழகா இருக்கு பாஸ்கர், தேங்க்ஸ்," என்றேன். அன்று இரவு என்னை அங்கேயே வைத்துக் கண்காணிப்பது என்று டாக்டர் முடிவு செய்தார்.

ஹேமா முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அழாதீங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாது," என்று பாஸ்கர் தேற்றினார். அவள் சிரிக்கிறாள் என்று பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா?

அவர் போனதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. வெட்கம் பார்க்காமல் அழுதேன். ஹேமா சிரிப்பை நிறுத்திவிட்டு, என் ஜாக்கெட்டைத் துழாவிக் குப்பியை எடுத்தாள். தன் கைப்பையிலிருந்து காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்தாள். காபி கப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"எந்த இடத்துல தடவணும், சொல்லு. என் பேர் வைக்கப்போற பூ."

நான் சொன்னேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினாள். என்னைவிட நன்றாகவே செய்தாள். (பறித்த பூவில் விதை பிடிப்பது சந்தேகம் என்று நான் சொல்லவில்லை. நாலு நாளில் அது வாடியது.)

பிறகு பட்டதைச் சொல்லி மாளாது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் எந்த பாட்லக் விருந்துக்குப் போனாலும், "உங்களுக்கு ஆயில் ஆகாதே," என்று என் தட்டிலிருந்து வடையை எடுத்துவிட்டு ஓட்ஸ் உப்புமா வைத்தார்கள். கோயிலில் என் பேரில் அர்ச்சனை செய்து, பிரசாதத்தை எனக்குத் தராமல் (நெய்யாம்) ஹேமாவிடம் கொடுத்தார்கள். கடைசியில் என் மகள் நிலா ஸ்கூல் பஸ்ஸில் பாஸ்கரின் பையனிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டாள். "டாட், இட் வாஸ் டூ ஃபன்னி," என்றாள், மன்னிப்புக் கேட்கும் தொனியில்.

பாஸ்கர் ஒரு வாரம் வேலை விஷயம் மட்டுமே பேசினார். எனக்குத் தூக்கம் போயிற்று. பிறகு ஒரு மீட்டிங் முடிந்து எல்லோரும் வெளியேறியதும் மெதுவாகக் கேட்டார்: "அந்த மஞ்சள் பூ, திரும்ப வருமா?"

"கிழங்கு இருக்கு. வரும்."

"அப்ப அடுத்த வருஷம் லீவுல 'பூ'ன்னே போடுங்க. எனக்கு ஓடி வர்ற வயசு இல்ல."

அப்படியே போட்டேன். அடுத்த பிப்ரவரியில் மஞ்சள் இரண்டு மொட்டு விட்டது. நான் படுக்கப் போவதற்கு முன், தேர்தலுக்கும் பட்டமளிப்புக்கும் இங்கே புல்தரையில் நடுவார்களே, அது மாதிரி ஒரு போர்டை நிலா தயார் செய்து நட்டாள். மேலே ஆங்கிலத்தில், இவர் நலமாக இருக்கிறார், தயவுசெய்து யாரையும் அழைக்க வேண்டாம். கீழே ஹேமாவின் கையெழுத்தில் தமிழில்: "உயிரோடுதான் இருக்கிறார். பூ பார்க்கிறார்." அந்த வருடம் விதை பிடித்தது. முளைத்தவை இன்னும் பூக்கவில்லை, புல் மாதிரிதான் நிற்கின்றன. "அம்மா, யூ லுக் லைக் கிராஸ்," என்று நிலா கேலி செய்கிறாள்.

போர்டு வருடா வருடம் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் குளிர்காலம் முடியப்போகிறது என்று தெரிந்துகொள்கிறார்களாம். சென்ற பிப்ரவரியில் எனக்கு முட்டிவலி. போர்டை மட்டும் நட்டுவிட்டு உள்ளே வந்து, சுடுநீர்ப் பையோடு சோபாவில் சாய்ந்தேன். அரை மணி நேரத்தில் வரிசையாகப் போன்.

"போர்டு இருக்கு, ஆளைக் காணோமே. நல்லாத்தான் இருக்காரா?"

நலமாக இருப்பதாக ஹேமா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஒரு வீட்டிலிருந்து மிளகு ரசம் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. வேறு வழியில்லாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், எல்லோர் கண்ணிலும் படும்படி கொஞ்ச நேரம் குப்புறப் படுத்துவிட்டு வந்தேன்.