ஒரு கை நெல்லும் சிதம்பரத்து வரனும்

திட்டக்குடி மச்சான் உத்திராபதி அவர்களுக்கு, கடலூர் நெல் மண்டி சடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கையும் மகள் இளமதியும் நலம். நான் நலமாக இருந்து ஒன்பது நாளாகிறது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

இளமதிக்கு நீங்கள் பார்த்த வரன் வேண்டாம். பையன் ராஜ்கமல் குணத்தில் குறையில்லை, சிதம்பரத்தில் அவன் செய்யும் ஆராய்ச்சிதான் குறை. பெண் பார்க்க வந்தவன் மண்டிக்கும் வந்தான். சில்லறை விற்பனைக்கு இன்னும் மரக்கால் அளவைதானே, எங்கள் ஆள் "லாபம், ரெண்டு, மூணு" என்று அளந்துகொண்டிருந்தார். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது எங்கள் வழக்கம் என்றேன். பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கம்ப்யூட்டரும் ஒண்ணுல தொடங்காது மாமா, பூஜ்யத்துல தொடங்கும். இந்த ஒலகமே அப்படி ஓடுற ஒரு கணக்கா இருக்கலாம். வெட்டவெளிக்கும் அதுக்கு மேல ஒடைக்க முடியாத ஒரு மணி இருக்கலாம், நெல்லு மாதிரி."

"அப்ப அளந்தா தீந்துடுமா தம்பி?"

"அதத்தான் ஏழு வருசமா தேடுறேன் மாமா."

தீர்ந்தால் சின்னக் கணக்குதானே என்று வாயை விட்டேன். ஒரு கை நெல்லை மேஜையில் வைத்து, "இதுல நூறு நெல்ல எத்தனை விதமா வரிசையா அடுக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். முப்பது வருடம் நெல் பார்த்தவன் விடுவேனா? மறுநாள் பேனாவால் நெல்லுக்கு நம்பர் போட்டு உட்கார்ந்தேன். நான்கு நெல் இருபத்து நான்கு விதம், ஐந்து நெல் நூற்றிருபது, ஆறாவது சேர்ந்ததும் எழுநூற்றிருபது. அதை அடுக்கி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகி, இரண்டு லாரிக்காரர்கள் பக்கத்து மண்டிக்குப் போய்விட்டார்கள், "இருங்கய்யா, நானூத்திப் பதினொண்ணுல இருக்கேன்" என்று நான் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். இளமதி போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள்: பத்து நெல்லுக்கே முப்பத்தாறு லட்சத்துக்கு மேல். நூறுக்கு, கண்ணுக்கு எட்டிய நட்சத்திரங்களின் அணுக்களை எல்லாம் எண்ணினாலும் போதாதாம். "அதுக்கும் முடிவு உண்டுப்பா, முடிக்கத்தான் ஆள் கெடையாது" என்றாள். மச்சான், இதைத்தானா இத்தனை வருடம் மூட்டை மூட்டையாகத் தைத்து லாரியில் ஏற்றினேன்?

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய்ப் பையனைக் கோயிலுக்கு அழைத்தேன். சிதம்பர ரகசியத்தின் திரை விலகியது. பொன் வில்வ மாலை, பின்னால் வெறும் வெளி. எத்தனையோ தடவை பார்த்ததுதான், அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

"இது அளந்தா தீருமா, தீராதா? முடிவா சொல்லு தம்பி."

"தெரியாது மாமா. என் ஆயுசுல தெரியாமலே போவலாம்."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரிக்கிறான். ஒரே கேள்வியோடு ஏழு வருடம் கிடப்பவன் பெண்டாட்டியை எங்கே நினைக்கப்போகிறான்? ஆகவே அவர்கள் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் அளவில்லாமல், அப்படி ஒன்று இருக்குமானால், நன்றாக இருக்கவேண்டும்.

சடையப்பன்

பி.கு: மறுத்துவிடாதீர்கள். உறையை ஒட்டுமுன் இளமதி வாங்கிப் படித்தாள். "ஏழு வருசமா பதிலே சொல்லாத கேள்வியவே உட்டுட்டுப் போவாதவரு, என்னைய உட்டுட்டா போவப்போறாரு?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வந்துவிடுங்கள்.