பதிவு செய்யப்பட்ட ரசனை

அர்கம் இந்தக் கதையை முதன்முதலாகச் சொன்னபோது இதை எழுதுகிறவன் நம்பவில்லை. அதன் பிறகு ஆறு வருடமும் நம்பவில்லை. கற்பிட்டி இறங்குதுறையில் பதினாலு வருடம் ஆட்டோ ஓட்டிய ஒருவன் திடீரென்று பேக்கரிப் பாண் விற்கத் தொடங்கினால், ஏனென்று ஊர் கேட்கத்தான் செய்யும். கேட்கிற ஊருக்குச் சொல்ல, மானமுள்ள எவனும் ஒரு கதையைத் தயாராக வைத்திருப்பான். போதாததற்கு, சொல்லும் ஒவ்வொரு முறையும் அவனுடைய சட்டையில் இருந்த பூ மாறியது. ஒருநாள் செம்பரத்தை, இன்னொரு நாள் அன்னாசி. அன்னாசி பூவல்லவே என்று கேட்டதற்கு, "அதுதான் மாஸ்டர் பிரச்சினையே, படிவத்தில பூ எண்டு மட்டும்தான் இருந்திச்சு" என்றான். இப்படிச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

எதற்கும் அவன் சொன்ன ஒழுங்கிலேயே சொல்லிவிடலாம்.

இதை எழுதுகிறவன் உட்பட, அர்கமின் ஆட்டோவில் ஏறியவர்கள் எவரும் இன்ன பாட்டுப் போடு என்று கேட்டதில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஏதோ ஒன்றைப் போடுவான். உள்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்திருப்பான். அதில் ரோட்டைவிட ஆளின் கால்தான் நன்றாகத் தெரியும். கால் சும்மா கிடந்தால் பாட்டை மாற்றுவான். எத்தாளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெருவிரலாவது ஆடத் தொடங்கிவிடும். காலையில் ஓதப்பள்ளி ஹஸரத்துக்குக் கஸீதா. கருவாடு ஏற்ற வருகிற சிலாபத்து முதலாளிக்குப் பைலா. ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவருக்கு ஐம்பது வருடத்துக்கு முந்திய சினிமாப் பாட்டு. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரனுக்கு நாதஸ்வரம். வெள்ளைக்காரனின் கால் நாதஸ்வரத்துக்கு ஆடும் என்பதைக் கண்டுபிடித்தவன் தானே என்பதில் அவனுக்குப் பெருமை இருந்தது. பெண்கள் ஏறினால் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, பாட்டை ஊகத்தில் போடுவான்.

ஆட்டோவின் பின்பக்கம் ஒரு நடிகரின் படம் இருந்தது. எந்த நடிகர் என்பது கீறியவருக்கே நிச்சயமில்லை. மீசை ஒருவருடையது, தலைமயிர் இன்னொருவருடையது, கண் அர்கமின் மாமனாருடையது.

சட்டை விசயத்தில் மட்டும் அவன் எவருடைய காலையும் பார்ப்பதில்லை. அகலக் கழுத்துப்பட்டி, நெஞ்சு முழுக்கப் படம். புத்தளம் நடைபாதையில் அப்படி ஒன்று தொங்குகிறது என்று கேள்விப்பட்டால் பெற்றோல் பற்றி யோசிக்காமல் போய் வாங்கிவிடுவான். வெள்ளிக்கிழமை மட்டும் வெள்ளை ஜுப்பா.

இவ்வாறிருக்கையில், கரையோர ரசனை ஒருங்கிணைப்பு அலகு என்றொரு அலுவலகம் உதயமானது. உல்லாசப் பயணிகள் இப்பிரதேசத்தின் அசல் ரசனையைக் கண்டு களிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அசல் ரசனை எது என்று தெரியாமல் அதைக் காட்ட முடியாது. ஆட்களைக் கேட்காமல் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்பதென்றால் படிவம் வேண்டும். ஆகவே, இறங்குதுறைத் தரிப்பிடத்தில் நிற்கும் ஒன்பது ஆட்டோக்காரரும் தனிநபர் ரசனைப் பிரகடனத்தை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சமர்ப்பித்தவருக்கு நீல ஸ்ரிக்கர். அது இல்லாதவர் முதலாம் திகதியிலிருந்து அங்கே நிற்கக் கூடாது.

அர்கம் பன்னிரண்டு வயதில், ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவன். நிற்கக் கூடாது என்ற சொல்லை மற்ற எட்டுப் பேரையும்விட அவன் கவனமாக வாசித்தான். அந்த வரிசையில் நாலாவது இடம் அவனுடையது. அவன் வாழ்க்கையில் இது உன்னுடைய இடம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டது அந்த ஐந்தடி நிலத்தை மட்டும்தான்.

ரசனை உத்தியோகத்தர் றொபின்சன் நல்ல மனிதர். அதற்கு முன்பு நுளம்பு ஒழிப்பில் இருந்தவர். பழக்கதோசத்தில் ஆட்டோவின் இருக்கையைத் தூக்கி, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படிவத்தை விரித்தார்.

ஆடை என்ற கட்டத்தில் நாலே நாலு தெரிவு: தேசிய உடை, சமய உடை, கடற்றொழிலாளர் உடை, பூப்போட்டது. றொபின்சன் அர்கமின் நெஞ்சை நெருங்கி வந்து பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து நானா என்று அழைத்துக் கேட்டார்.

"நானா, அன்னாசி பூவா?"

"பூத்துத்தானே சேர் காய்ச்சது."

பூப்போட்டது என்று பதியப்பட்டது. அடுத்தது அபிமான நட்சத்திரம். றொபின்சன் பின்பக்கம் போய் நின்று நெடுநேரம் பார்த்தார். இது யார் என்று கேட்டார்.

"உங்களுக்கு ஆர விருப்பம் சேர்?"

றொபின்சன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னார்.

"அவர்தான்" என்றான் அர்கம்.

றொபின்சன் மறுபடியும் பார்த்தார். ஓம், அவரேதான். முதலில் தெரியாமல் போனதற்காக வெட்கப்பட்டவர்போல் வேகமாக எழுதிக்கொண்டார்.

கடைசிக் கட்டம், இசை. அர்கம் கஸீதாவில் தொடங்கி நாதஸ்வரம் வரைக்கும் சொன்னான். றொபின்சன் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

"ஒண்டுதான் எழுதலாம் நானா."

"ஒண்டு எண்டா மத்த ஆக்கள் என்ன செய்ற?"

"மத்த ஆக்களுக்கு வேற படிவம் வரும். இது உங்கட ரசனை."

"என்ட ரசனை அவங்கட காலிலதான் சேர் இருக்கு."

றொபின்சன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "கால் எண்டு கட்டம் இல்ல" என்றார்.

அப்போது மணி நாலு. பாண்கார நஜாத்தின் ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. தினமும் அந்த நேரத்துக்கு ஒலிபெருக்கியில் அதே கீச்சு மெட்டைப் போட்டுக்கொண்டு அவன் வருவான். மெட்டைக் கேட்டதும் பள்ளிவாசல் பக்கத்து வீடுகள் திறந்தன, கோயில் பக்கத்து வீடுகள் திறந்தன, மாதா கோயில் ஒழுங்கையிலிருந்து மூன்று பேர் பையோடு ஓடி வந்தார்கள், பொலிஸ் நிலையத்துச் சிங்களப் பொடியன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கினான். இத்தனை கால் ஒரே நேரத்தில் ஆடி அர்கம் கண்டதில்லை. எந்த ஹஸரத்தும் தடுக்காத, எந்தக் கட்சியும் உரிமை கோராத ஒரே சங்கீதம் ஊரில் அதுதான் என்று அவனுக்குப் பட்டது. பிழை வராத பதில்.

"அத எழுதுங்க சேர்."

றொபின்சனின் கண் கலங்கியது. இன, மத, மொழி பேதமின்றி என்று தொடங்கி அவர் அந்தக் கட்டத்தையும் தாண்டி ஓரத்திலும் எழுதினார். ஒன்பது பேரில் முதல் நீல ஸ்ரிக்கர் அர்கமுக்குக் கிடைத்தது.

ஸ்ரிக்கரின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன. ஒட்டிய பிறகு பின்பக்கத்தை யார் வாசிப்பார்? கடமையில் இருக்கும்போது பிரகடனம் செய்த இசையைத் தவிர வேறெதுவும் ஒலிக்கலாகாது என்பது ஒன்பதாவது நிபந்தனை. வெள்ளிக்கிழமை வெள்ளை ஜுப்பா போடுவதற்கு, புதன்கிழமைக்கு முன்பு ரசனை விலகல் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது பதினோராவது.

முதல் நாள் இரண்டு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு அர்கம் எத்தாளைக்குப் போனான். மெட்டு ஒலித்தது. வழிநெடுக வீடுகள் திறந்தன. பெண்களும் பிள்ளைகளும் கையில் காசும் பையுமாக ஓடி வந்தார்கள். ஊரே தங்களை வரவேற்கத் திரண்டதென்று நினைத்த வெள்ளைக்காரர் வெளியே எட்டிக் கைகாட்டினார்கள், படமெடுத்தார்கள், ஒரு முதியவருக்கு முத்தமும் கொடுத்தார்கள். குறிஞ்சிப்பிட்டித் திருப்பத்தில் ஹஃபீலா ராத்தா ஆட்டோவை மறித்தாள்.

"பாண் எங்க தம்பி?"

"பாண் இல்ல ராத்தா. இது என்ட ரசனை."

"ரசனையை வச்சுக் கறியைத் தொட்டுத் தின்னவா?"

வெள்ளைக்காரர் எடுத்த படங்கள் எப்படியோ அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொதுமக்களின் தன்னெழுச்சியான வரவேற்பு என்ற தலைப்பில் காலாண்டு அறிக்கையின் அட்டையில் அவை வந்தன. ஹஃபீலா ராத்தா நடுவில், வாயைத் திறந்தபடி இருந்தாள்.

பாண்கார நஜாத்துக்குத்தான் அடி. மெட்டைக் கேட்டு இரண்டு தரம் ஏமாந்தவர்கள் மூன்றாம் தரம் எழும்பவில்லை. அந்த மூன்றாம் தரம் வந்தவன் அவன். முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். முறைப்படி விசாரணை நடந்தது. அந்த மெட்டு உங்களுடைய ரசனையா என்று நஜாத்திடம் கேட்டார்கள். இல்லை சேர், கேட்டுக் கேட்டுத் தலையிடி, பாண் விற்கப் போடுறது என்று அவன் உண்மையைச் சொன்னான். அதோடு வழக்கு முடிந்தது. ஒருவரின் பதிவு செய்யப்பட்ட ரசனையை, அந்த ரசனை இல்லாத இன்னொருவர் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது முறையாகாது என்று தீர்ப்பு வந்தது. நஜாத்துக்கு மாற்று ஏற்பாடாக, எவரும் கோராமல் கிடந்த தென்னைச் செய்கை விழிப்புணர்வுப் பாடலைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் போனபோது, யாரோ அதிகாரி வருகிறார் என்று ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

நாலு நாள் பாண் காய்ந்தது. ஐந்தாம் நாள் நஜாத் அர்கமின் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தான். அர்கமின் மனைவி றிஸ்லா தேத்தண்ணி கொடுத்தாள். தொட்டுக்கொள்ள, விற்காமல் அவன் வண்டியில் கிடந்த பணிஸையே எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து அவன் அழுதான். அல்லாவுக்காக, மச்சான், உன்ட வண்டியில கொஞ்சம் போட்டுக்கொண்டு போ என்றான். அர்கம் பின்னிருக்கையில் இரண்டு தட்டு அடுக்கிக்கொண்டு போனான். குறிஞ்சிப்பிட்டிக்குப் போவதற்குள் தட்டு வெறுமையானது.

ஒரு கிழமைதான். உல்லாசப் பயண வாகனத்தில் பாண் ஏற்றியதாக அர்கமுக்கு அழைப்புக் கட்டளை வந்தது. இரண்டாவது விசாரணை முதலாவதைவிடத் தெளிவாக நடந்தது. எவருடைய மெட்டுக்கு மக்கள் பாண் வாங்க வருகிறார்களோ அவரே பாண் விற்பவர். எவருடைய வண்டியில் பாண் இல்லையோ அவருடையது பயணிகள் வண்டி. இதில் பிழை பிடிக்க எவராலும் முடியவில்லை. அர்கமின் நாலாவது இடம் நஜாத்துக்குப் போனது.

அர்கம் றொபின்சனைத் தேடிப் போனான்.

"சேர், பதினாலு வருசம் நிண்ட இடம். இதுக்குப் பிறகு நான் எங்க போய் நிக்கிற?"

றொபின்சனுக்கும் மனவருத்தம். கதவைச் சாத்திவிட்டு வழி சொன்னார். ரசனை மாறிவிட்டதென்று பிரகடனத்தைத் திருத்தலாம். அந்த மெட்டு இவருக்கு விருப்பமில்லை என்று ஊரில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் போதும்.

"எனக்கு விருப்பமில்ல எண்டு நானே சொல்றன் சேர்."

"உங்கட சொல்ல எடுக்க ஏலாது நானா. நீங்கதானே விருப்பம் எண்டு கையெழுத்து வச்ச ஆள்."

இரண்டே இரண்டு கையெழுத்து. அர்கம் பாண் வண்டியிலேயே கடுதாசியோடு வீடு வீடாகப் போனான். எல்லாரும் அவனுக்காக வருந்தினார்கள். கையெழுத்து வைக்கப் பேனையைக் கையில் எடுத்த ஹஃபீலா ராத்தா, எடுத்த பேனையோடு கேட்டாள்: "வைக்கிறன் தம்பி. நீ இடத்துக்குப் போனா நாளைக்கு நாலு மணிக்குப் பாண் ஆரு கொண்டு வருவா?" அவள் பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு றாத்தல் பாண் வாங்கினாள்.

இதை எழுதுகிறவனிடமும் அவன் வந்தான். கதையை முதன்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான். செம்பரத்தைச் சட்டை. ஒரு மனிதனுக்கு உள்ளே என்ன விருப்பம், என்ன வெறுப்பு என்று இன்னொரு மனிதன் எப்படிச் சாட்சி சொல்வது? அது பொய்ச்சாட்சி ஆகாதா? ஆறுதலாக யோசித்துச் சொல்கிறேன் என்று இதை எழுதுகிறவன் அவனை அனுப்பினான். யோசித்தான். நாலு மணிக்கு வாசலில் பாண் வந்தது. தொடர்ந்து யோசித்தான்.

போன வருடம் ரசனைப் பிரகடனம் வீடுகளுக்கும் வந்தது. ஊர் பதறவில்லை. அர்கமுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். என்ன எழுதினால் வில்லங்கம் வராது என்பதும் தெரியும். வந்த படிவங்களை எண்ணியபோது, இப்பிரதேசத்து மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரின் அபிமான இசை பாண் மெட்டு என்று தெரியவந்தது. மிச்ச இரண்டு பேர் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள். ஒருமித்த ரசனைக்கான தேசிய விருது அலுவலகத்துக்குக் கிடைத்தது. விழாவில் மெட்டைப் போட்டார்கள். சபை முழுவதும் எழுந்து நின்றது. பாதிப் பேர் பழக்கத்தில் பையைத் தேடினார்கள்.

இதை எழுதுகிறவனுக்கும் படிவம் வந்தது. அன்றைக்குத்தான் கதையை நம்பினான். ஆடைக் கட்டத்தில் பூப்போட்டது என்ற தெரிவு அப்படியே இருந்தது. கால் என்ற கட்டம் இன்னும் இல்லை. ஒழுங்காக, உண்மையாக நிரப்புவதென்று மூன்று நாள் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தான். ஐம்பத்தாறு வயது, எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறான். முதலில் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை. பிறகு ஞாபகம் வந்தவையும் தனக்குப் பிடித்தவையா, பிடித்தவை என்று மற்றவர்கள் சொன்னவையா என்று பிடிபடவில்லை. நாலாம் நாள், ஊர் எழுதியதை எழுதி மூன்று பிரதியிலும் கையெழுத்து வைத்தான். அது யோசிக்காமல் வந்தது.

அன்று மாலை நாலு மணிக்கு அர்கம் வந்தான். பூப்போட்ட சட்டை, சாயம் போயிருந்தது. பின்னிருக்கை இருந்த இடத்தில் கண்ணாடி அலுமாரி. உள்கண்ணாடி மட்டும் பழையபடி கீழே சாய்ந்திருந்தது. அதில் பாண்தான் தெரிந்தது. இதை எழுதுகிறவன் ஒரு றாத்தலும் இரண்டு கிம்புலா பணிஸும் வாங்கினான். மிச்சக் காசை வாங்கிய பிறகும் நகரவில்லை. படிவம் குடுத்தாச்சா மாஸ்டர் என்று அர்கம் கேட்டான். ஓம் என்றான். என்ன எழுதினீங்க என்று அவன் கேட்கவில்லை. மெட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, வேறென்ன வேணும் என்பதுபோல் பார்த்தான்.

கடைசியில் கேட்டேவிட்டான்:

"அர்கம், நான் உம்மட ஆட்டோவில வந்துபோன காலத்தில, எந்தப் பாட்டுக்கு என்ட கால் ஆடினது?"