மிசினை இயக்கும் முறை: ஏழாம் பதிப்பு

வாசகரே, வன்னியில் மயிலும் குரங்கும் மட்டுமா பெருகின? விளக்கம் எழுதுகிறவர் என்றோர் இனமும் பெருகியது. பெற்றோல் அரிதாகிப்போன தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், அக்கராயனில் அந்த இனத்தின் தலைமகன் ஐயாத்துரை.

தண்ணீர் இறைக்கும் மிசினை மண்ணெண்ணெயில் ஓடவைக்கும் வழியைக் கண்டவர் மெக்கானிக் செல்வராசா. "ஆரும் பாத்துச் செய்யுங்கோ, மாத்துங்கோ. மாத்தினா மற்ற ஆக்களுக்கும் சொல்லிப்போடுங்கோ" என்று ஊருக்கே கொடுத்துவிட்டார். இயக்கும் முறையையும் சிகரெட் பெட்டி மட்டையில் நாலு வரியாக எழுதித் தந்தார்.

நாலு வரியா? கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறிய எழுதுவினைஞரான ஐயாத்துரைக்கு அன்று சோறு இறங்கவில்லை. மட்டையைக் கொப்பியில் பெயர்த்தார். உருத்திரபுரத்தில் ஒருவர் வேறு குழாய் பூட்டினாராம், அதற்கோர் அத்தியாயம். இன்னொருவர் அதைக் கழற்றினாராம், அதற்கு இரண்டு. முன்னுரை, நன்றியுரை, கையைச் சுட்டுக்கொண்டவர்களின் பட்டியல், பட்டியலில் பெயர் விடுபட்டதென்று கோபித்தவர்களுக்கு வருத்தம், முந்திய பதிப்பின் பிழைகள், பிழைதிருத்தத்தின் பிழைகள் என்று ஏழாம் பதிப்பு நூற்றிருபது பக்கத்தில் வந்து நின்றது. மிசினை இயக்குவது எப்படி? அந்தப் பகுதியை ஆறாம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார். அதுதான் எல்லோருக்கும் தெரியுமே!

வடிவம்மாவுக்குத் தெரியாது. மிசின் ஓட்டும் கணவர் மலேரியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். மூன்று நாளாகத் தண்ணீர் காணாத மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிவிட்டன. செல்வராசா ஊரில் இல்லை. அயலவர்களோ, "எல்லாம் கொப்பியிலை இருக்கு" என்றார்கள். வடிவம்மா ஓட்டமும் நடையுமாக ஐயாத்துரை வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, எங்கையிருந்து துவங்கிறது?"

"முன்னுரையிலையிருந்து, தங்கச்சி."

"மிளகாய்க் கண்டெல்லாம் சாகுது அண்ணை!"

"அதுவும் இருக்கு. எண்பத்தேழாம் பக்கம். 'பயிர் வாடினால்'."

வடிவம்மா புரட்டினார். 'உடனே தண்ணீர் இறைக்கவும்' என்றிருந்தது.

அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய சிகரெட் மட்டை நழுவி விழுந்தது. பத்துத் துளி பெற்றோல் விடு. கயிற்றை இழு. சூடேறட்டும். மண்ணெண்ணெயைத் திற. வடிவம்மா மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார், கொப்பியை விட்டுவிட்டார். பொழுதுபடுமுன் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது. மறுநாள் மிசின் கொட்டில் சுவரில் அந்த நாலு வரியையும் அடுப்புக்கரியால் எழுதிவைத்தார். ஊர் வந்து பார்த்துப் போனது.

ஐயாத்துரையும் வந்தார். உண்மையாகவே மனம் நொந்துபோனார். ஏழு பதிப்பு! நாலு வரியையும் விரல் வைத்து வாசித்தார்.

"நல்லாயிருக்கு, தங்கச்சி" என்றார் கடைசியில். பிறகு கையை நீட்டினார். "அந்தக் கரியை ஒருக்காத் தாங்கோ. ஒரேயொரு குறிப்புத்தான்."

அடுத்த மாதம் அந்தச் சுவரில் வெள்ளை தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால், கயிற்றை எத்தனை தரம் இழுப்பது என்று அந்த நாலு வரியில் இல்லையே என உங்கள் மனம் சற்றுமுன் அரித்ததா, இல்லையா? பென்சிலைக் கீழே வையுங்கள்.