ஸ்கொட்லாந்துப் பாட்டும் என் வலது காலும்

ஒரு பாட்டை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அதையும் சொல்லித்தந்திருந்தார்கள். அப்படியிருந்தும் நான் என் தங்கையின் கல்யாணத்தில் செய்த கூத்துக்கு யாரைக் குறை சொல்வது?

நான் ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்தவன். வீடுகளுக்கு மின்சார வயர் இழுப்பது என் தொழில். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னை வயலினுக்கு விட்டார்கள். வயலின் ஆசிரியர் கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மிருதங்கம் நன்றாக வரும் என்று அப்பாவிடம் சொன்னார். மிருதங்க ஆசிரியர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு உதைபந்தாட்டம் நன்றாக வரும் என்றார். (அதுவும் வரவில்லை.) ஆகவே, என்னோடு வேலை செய்யும் யூர்கன் ஒருநாள் என் கையில் ஒரு மண்டலினைத் திணித்து, "வயலின் பிடிச்ச விரலுக்கு இது தானாக வரும்" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் விரல்களை நம்பிய முதல் மனிதர் அவர்தான்.

யூர்கன் வாழ்நாளில் ஒரேயொரு தடவை ஸ்கொட்லாந்து போயிருக்கிறார். போன நாள் முதல் திரும்பும் நாள் வரை மழை. வெளியே இறங்க வழியில்லாமல் ஏதோ ஒரு கடைக்குள் உட்கார்ந்து அந்த ஊர்க்காரர் வாசித்த பழைய பாட்டுகளைக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவருக்குத் தலையில் அது மட்டும்தான் இருந்தது. தன்னைப் போலவே மரை கழன்ற இன்னும் சிலரைத் தேடிப்பிடித்து, எங்கள் ஊர்த் தோட்டச் சங்கக் கட்டடத்தில் வெள்ளிக்கிழமைகளில் கூட ஆரம்பித்தார். ஒருவர் வயலின், ஒருவர் அக்கோர்டியன், ஒரு பெண் கையில் பிடித்துத் தட்டும் வட்ட மேளம், இப்படி. அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன்.

அங்கே தாளில் எழுதி வைத்துப் படிப்பதெல்லாம் கிடையாது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்முடைய பாட்டு வகுப்பு மாதிரியேதான், குட்டு மட்டும் விழாது. ஆனால் அந்தப் பாட்டுகளில் ஒரு சிக்கல் இருந்தது. அவற்றுக்கு முடிவே இல்லை. கடைசி அடி வந்து முதல் அடிக்குள் வழுக்கி விழும், திரும்பவும் சுற்றும். எனவே ஒரு விதி வைத்திருந்தார்கள். பாட்டைத் தொடங்கியவர்தான் அதற்குச் சொந்தக்காரர். அவர் ஒரு காலை முன்னுக்குத் தூக்கிக் காட்டினால் அந்தச் சுற்றோடு எல்லோரும் நிறுத்துவார்கள். அவர் தூக்காவிட்டால் நிறுத்தமாட்டார்கள். ஒரு வாகனமும் இல்லாத வீதியில் சிவப்பு விளக்குக்காக நிற்கிற சனம் இது. விதி என்றால் விதி.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒருவர் உற்சாகத்தில் கூவினால் மற்றவர்களும் அதே மாதிரிக் கூவுவார்கள். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னுக்கு வரும்.

நான் ஒரேயொரு பாட்டை மட்டும் திருத்தமாகப் பழகினேன். வேகமான பாட்டு. வீட்டில் குளியலறைக்குள் இருந்து பயிற்சி எடுப்பேன். ஒருநாள் அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "மோகனம் மாதிரித்தான் கிடக்கு. ஆனா பின்னால ஆரோ துரத்திக்கொண்டு வாற மாதிரியெல்லோ ஓடுது" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது தலைக்கனம் அந்த அளவில் இருந்தது.

இந்த நேரத்தில்தான் தங்கை மதுராவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை சுதன் ஹனோவரில் இருக்கிறான், தங்கமான பொடியன். அவனுடைய அம்மாவும் நல்லவர்தான், சகுனம் என்று வந்தால் மட்டும் வேறு ஆள். பேச்சுக்கால் பேசிமுடிக்க வந்த அன்று, புறப்படும்போது யாரோ தும்மியது ஞாபகம் வந்து காரைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் வந்தவர். எங்கள் வீட்டுச் சாப்பாடு அதற்குள் ஆறிப்போய்விட்டது. அவர் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: தாலி நல்ல நேரத்துக்குள் ஏறவேண்டும், ஏறும்போது மேளம் முழங்கவேண்டும், ஒரு கெட்ட சொல் காதில் விழக்கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் வேறு நாள் பார்ப்போம். அப்பாவுக்கு அன்று பிடித்த வயிற்றெரிவு கல்யாணம் முடியும்வரை விடவில்லை. அந்த மண்டபத்தையும் அந்த ஐயரையும் ஒரே நாளில் பிடிக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் மூத்த அண்ணன் மாப்பிள்ளைக்குத் தோழன். எனக்குத் தந்தது ஒரேயொரு வேலை, மேளக்காரரைக் கவனித்துக்கொள்வது. கவனித்தேன். அன்று காலை அவர்கள் நெடுஞ்சாலையில் ஒரு விபத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வாகனத்தைவிட்டு இறங்கி வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அப்பா என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

யூர்கன் கூட்டம் முழுவதும் விருந்தாளிகளாக வந்திருந்தது. இரவு விருந்தில் வாசிக்கலாம் என்று வாத்தியங்களும் காரில் இருந்தன. நான் நெஞ்சை நிமிர்த்தி, "அப்பா, யோசிக்காதையுங்கோ. நாங்கள் வாசிக்கிறம்" என்றேன். அப்பாவுக்கு வேறு வழி இருந்திருந்தால் என்னைப் பிடித்து ஒரு அறைக்குள் பூட்டியிருப்பார். வழி இல்லை. மணவறைக்குப் பக்கத்தில் மேளக்காரருக்கென்று விரித்திருந்த கம்பளத்தைக் காட்டினார்.

ஜேர்மன்காரருக்குச் சம்மணம் கட்டி இருக்க ஏலாது. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து கதிரைகளைத் தூக்கிவந்து எனக்குப் பின்னால் வரிசையாக இருந்தார்கள். எனக்கும் ஒரு கதிரை கொண்டுவந்தார் யூர்கன். நான் வேண்டாம் என்றேன். பட்டு வேட்டி கட்டியிருக்கிறேன், வித்துவான் மாதிரிக் கீழே இருந்துதான் வாசிப்பேன் என்று ஒரு வீறாப்பு. முன்னால் ஒலிவாங்கியும் வைத்துவிட்டார்கள். ஐயர் கையை உயர்த்திக் காட்டினால் அதுதான் தாலி நேரம், இருக்கிற பலமெல்லாம் போட்டு வாசிக்கவேண்டும் என்று அவர்களுக்கு விளக்கினேன். எல்லோரும் மிகவும் சிரத்தையாகத் தலையாட்டினார்கள்.

மதுரா மண்டபத்துக்குள் நுழைந்தாள். அப்பா கண்ணைக் காட்டினார். நான் தொடங்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அருமையாக இருந்தது. சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது, சின்னப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். மதுரா மணவறையில் வந்து இருந்தாள். ஐயர் மந்திரம் சொல்வதற்காக, போதும் நிறுத்துங்கோ என்று எனக்குச் சைகை காட்டினார்.

நிறுத்துவதற்குக் காலைத் தூக்கவேண்டும். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் சம்மணம் கட்டி இருக்கிறேன். எனக்கு நேரே ஓம அக்கினி. இடது பக்கம் ஐயர். வலது பக்கம் முன்வரிசையில் சுதனின் அம்மா. எந்தப் பக்கம் காலை நீட்டினாலும் அங்கே கால் நீட்டக்கூடாத ஒருவர் இருந்தார்.

சரி, நான் வாசிப்பதை விட்டால் இவர்களும் விடுவார்கள் என்று கையை எடுத்தேன். எனக்கு ஏதோ தந்தி அறுந்துவிட்டது என்று நினைத்து, என்னைக் காப்பாற்ற இன்னும் பலமாக வாசித்தார்கள். திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர்களும் சந்தோஷமாக ஆட்டினார்கள். போதும் என்று ஜேர்மனில் சொல்லியும் பார்த்தேன், அக்கோர்டியன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. யூர்கனின் கண் மட்டும் என் காலைவிட்டு அகலவே இல்லை. அவ்வளவு விசுவாசம்.

பாட்டு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஐயர் மந்திரத்தைக் கத்தத் தொடங்கினார். சுதன் காதில் கையை வைத்துக்கொண்டு என்ன என்ன என்று கேட்டான். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தூண் மறைவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஐயர், எப்படியும் சத்தம் இருக்கிறதுதானே, தாலியைக் கட்டுவோம் என்று முடிவெடுத்துக் கையை உயர்த்தினார். யூர்கன் கூட்டம் அதற்காகவே காத்திருந்தது போல வெளுத்துவாங்கியது. நானும் சேர்ந்துகொண்டேன். அப்பாடா, தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். இனி நிறுத்தவே தேவையில்லை, தாலி ஏறும்வரை வாசித்தால் சரி.

சுதன் தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவதையும் போட்டான். அந்த நேரம் பார்த்து, அவ்வளவு நேரமும் மடங்கி விறைத்துப்போய்க் கிடந்த என் வலது காலில் நரம்பு இழுத்தது. கால் என்னைக் கேட்கவில்லை. தானாகவே எழும்பி, விறைத்து, நேராகச் சுதனின் அம்மாவின் முகத்தைப் பார்த்து நீண்டது.

யூர்கன் கூட்டம் அந்தச் சுற்றோடு டக்கென்று நிறுத்தியது. ஒரு தந்திகூட அதிரவில்லை. அப்படியொரு கச்சிதம் தோட்டச் சங்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை. மண்டபம் முழுவதும் நிசப்தம். அந்த நிசப்தத்தில், ஒலிவாங்கிக்குள், நான் அடித்தொண்டையால் கத்தினேன்.

"ஐயோ!"

கல்யாண வீட்டில் சொல்லவே கூடாத சொல் எது என்று பட்டியல் போட்டால் முதலாவதாக நிற்கும் சொல். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து இன்னொருமுறை கேட்டது. சுதனின் கை மூன்றாவது முடிச்சில் அப்படியே நின்றது. அவனுடைய அம்மா எழும்பிவிட்டார்.

அதற்குள் என் பின்னால் இருந்து, ஒரே குரலில், ஒருவர் விடாமல், நெஞ்சு நிறைந்த மகிழ்ச்சியோடு ஜேர்மன்காரர் எல்லோரும் கூவினார்கள்:

"அய்யோ!"

தமிழர் உச்சத்தில் இப்படித்தான் கூவுவார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

தலை குனிந்து இருந்த என் தங்கை, குனிந்த தலை நிமிராமல் சுதனிடம் சொன்னது ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது.

"நீங்கள் கட்டுங்கோ. அவன் எப்பவும் இப்பிடித்தான்."

முதலில் பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் சுதன் மூன்றாவது முடிச்சைப் போட்டான். நல்ல நேரம் அப்போதும் மிச்சம் இருந்தது. சுதனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஐயரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கடைசி முடிச்சு விழும்போது சிரிப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, அது நல்ல சத்தம்தான் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த அம்மாவின் திருப்திக்காக நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன், நொண்டிக்கொண்டே. மேளக்காரர் சரியாகப் பந்தியில் வடை வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்து, வடைக்குக் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் விசாரிப்பது என் காலை. தோட்டச் சங்கத்தில் நிலைமை இன்னும் மோசம். பாட்டு முடியும்போது காலைத் தூக்கிக் காட்டுவதோடு இப்போது எல்லோரும் சேர்ந்து "அய்யோ!" என்றும் கத்துகிறார்கள். அதன் பொருளை விளக்கிச் சொன்னேன். யூர்கன் கவனமாகக் கேட்டுவிட்டு, இவ்வளவு பழகிவிட்டோம், இனி மாற்ற ஏலாது என்றார். ஒருமுறை அம்மா என்னை ஏற்றிப்போக அங்கே வந்து, வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

போன வருடம் மதுராவின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். சுதனின் அம்மா ஹனோவரிலிருந்து தானே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்து வாசியுங்கோ" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "கதிரையில இருந்து" என்றார்.

போனோம். கதிரையில் இருந்து வாசித்தேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்வரிசையில் இருந்தார். பாட்டு முடியும் நேரம் நான் காலை மிகவும் பணிவாக, வேறு பக்கமாக, கொஞ்சமாகத் தூக்கினேன். எல்லோரும் நிறுத்தினார்கள். ஜேர்மன்காரர் வாயைத் திறக்கப் போனார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணால் தடுத்தேன். அவர்களும் அடங்கிவிட்டார்கள். மண்டபம் அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில், பேத்தியின் இரண்டு கைகளையும் பிடித்து மேலே தூக்கிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், சுதனின் அம்மா சொன்னார்:

"ஐயோ."