மருந்துக் கஞ்சி

முன்னேற்பாட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. வானம் வெளுத்துக் கிடக்கும் சித்திரை மாதத்தில் குடையோடு கிளம்புவார். மாலை ரயிலுக்குப் பகல் ரயில் போவதற்கு முன்பே ஸ்டேஷனில் போய் உட்காருவார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை நடந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார், மனைவியையும் ஒரு தரம் இழுத்துப் பார்க்கச் சொல்வார், இவ்வளவும் செய்துவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். எட்டுத் திசையையும் சொல்வார். வருவதென்னவோ ஒன்பதாவதிலிருந்து.

சர்வேயர் ஏகாம்பரநாதன் இந்த இனத்தின் நல்ல மாதிரி. எழுபதுகளின் கடைசியில் ஒரகடத்தைச் சுற்றியிருந்த முள்ளுக்காட்டை அளந்து கல் நடச் சொல்லி அவரைக் காஞ்சிபுரத்திலிருந்து அனுப்பினார்கள். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு. என்ன தொழிற்சாலை, எப்போது என்பது அளக்கச் சொன்னவர்களுக்கே தெரியாது. அதுவரை அந்த நிலம் ஆடுமாடுகளுக்குச் சொந்தமாக இருந்தது. ஆடுமாடுகள் உண்ணிகளுக்குச் சொந்தமாக இருந்தன.

உண்ணியை நாயின் காதில் பார்த்திருப்பீர்கள். காட்டில் அது புல்நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவனைப் போலக் காத்திருக்கும். எந்தக் கால் வந்தாலும் ஏறிக்கொள்ளும். டிக்கெட் எடுக்காது. இறங்கச் சொன்னாலும் இறங்காது.

வந்த புதிதில் ஏகாம்பரநாதனின் முழங்கால் மடிப்பில் ஒன்று குடியேறியது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பிடுங்கிப் போட்டுவிட்டுச் சொறிந்துகொண்டே வேலையைப் பார்ப்பார்கள். அவர் விசாரணை தொடங்கினார். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த மைக்கேல்ராஜ் முன்னாள் பட்டாளத்துக்காரர். பங்க்சர் ஒட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார்.

"அசாம் பக்கம் நாங்க இருந்தப்போ மருந்தை உடுப்புலயே ஏத்திக்குவோம் சார். தோல்ல இல்ல, துணியில. ஏறுன பூச்சி கிறுகிறுத்து வுழுந்துடும்."

சொன்னவர் அடுத்த டியூபை எடுத்துக்கொண்டு அதை மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. இந்த இனத்திடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் போதும், அதைச் சுற்றி மதில் எழுப்பிக் கோபுரமும் கட்டிவிடும்.

மாட்டாஸ்பத்திரியில் மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்து கிடைத்தது. உடுப்பை அதில் முக்கி உலர்த்தினார். ஒருநாள் வெயிலில் வியர்த்ததும் மருந்தெல்லாம் போய்விட்டதாக அவருக்குத் தோன்றியது. எதைப் போட்டால் துணியில் நிற்கும்? நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடுகிற தெருவில் பிறந்து வளர்ந்தவருக்கு இதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டுமா? மருந்தைக் கஞ்சியில் கலந்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கம் யாரும் போகக்கூடாது. மூக்கைச் சுற்றித் துண்டு, கையில் ரப்பர் உறை, சமையலுக்கு ஒதுக்கித் தள்ளிய ஒரு சட்டி, அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. கொதித்த கஞ்சியை ஆறவிட்டு, மருந்தை ஊற்றி, குச்சியால் கிளறி, காக்கி பேண்ட், காக்கிச் சட்டை, காலுறை, தொப்பி, கைக்குட்டை வரை முக்கி எடுத்து வேலியோரம் காயப்போடுவார். காய்ந்த பேண்ட்டை எடுத்துத் தரையில் வைத்தால் அது படுக்காது. நிற்கும்.

அதற்குள் இறங்கி அவர் நடக்கும்போது சரக், சரக் என்று சத்தம் வரும். ஒரகடம் பஸ்ஸில் கண்டக்டர் அந்தச் சத்தம் கேட்டவுடனே, "சர்வே சார் வர்றாரு, ஜன்னலைத் தொறங்கப்பா!" என்பார். சார் உட்கார்ந்த சீட்டில் வேறு யாரும் உட்காருவதில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு இந்தப் பக்கத்து ஜனங்களிடம் இருக்கும் மரியாதையைக் குறித்து அவர் அடிக்கடி வியந்து பேசுவார்.

உண்ணி அவரைக் கடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்து வேலை செய்தது. இந்த இனத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் போவதற்குக் காரணமே பல சமயங்களில் அவர்கள் சொல்வது சரியாக இருப்பதுதான்.

சரியாக இருப்பவர் சும்மா இருப்பாரா? அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்த சூசைராஜ் பென்னலூர்க்காரர், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளில் நடப்பவர்.

"சூசை, அந்த லுங்கியக் கொடு. ஞாயித்துக்கெழம மருந்து ஏத்தித் தர்றேன்."

"வேணாம் சார். வூட்ல சேத்துக்க மாட்டா."

"உண்ணி கடிச்சா காய்ச்சல் வரும்யா."

"காய்ச்சல் வந்தா கஞ்சி குடிச்சுக்கறேன் சார். கட்டிக்க வேணாம்."

அதே முகாமில் இன்னொரு சர்வேயர் கண்ணப்பன். முன்னேற்பாடு என்ற சொல்லையே கேள்விப்படாதவர். செருப்புக் காலோடு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார், திரும்பி வரும்போது உண்ணிக் கூட்டமும் கூட வரும். ஒரு காலில் நின்று மறு காலால் சொறிந்தபடியே தியோடலைட் என்ற அளவுக் கருவியில் கண் வைத்துப் பார்க்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. ஏகாம்பரநாதன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டுவார். "வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா வந்துடும் கண்ணப்பன்!" கண்ணப்பன், "ஆமாமா" என்று சொறிந்துகொள்வார்.

இப்படியிருக்கையில் காஞ்சிபுரம் ஆபீசில் ஓர் இடம் காலியாயிற்று. நிழல், மின்விசிறி, உட்கார்ந்து படம் வரைகிற வேலை, நடந்தே போய்விடும் தூரத்தில் சொந்த வீடு. ஏகாம்பரநாதனுக்கு அது வேண்டும். அவர் மனைவி பங்கஜத்துக்கு அதைவிட அதிகமாக வேண்டும். அவள் பிறந்த வீடும் காஞ்சிபுரம், வாங்கி வளர்த்த எருமையும் அங்கே நாத்தனார் பொறுப்பில் இருக்கிறது. பெரிய அதிகாரி பலராமன் நேரில் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்து, இரண்டு பேரில் ஒருவரைக் கையோடு அனுப்பப் போகிறார் என்று செய்தி.

அன்று காலை பங்கஜம் சாதாரண வெள்ளை பேண்ட் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளு இத்தைப் போட்டுக்கினு போங்க. நாலு எடத்துல கடி வாங்கிக்கினு அவரு முன்னாடி நின்னு நல்லா சொறிங்க."

"இன்னாத்துக்கு?"

"ஐயோ பாவம்னு அவரே அனுப்பிடுவாரு. நல்லா கீற ஆளை எதுக்கு மாத்துவாங்க?"

அவர் யோசித்தார். நியாயமாகவே யோசித்தார். வெள்ளை பேண்ட்டுக்குள் ஒரு காலை விட்டார். புல்நுனியில் கை நீட்டிக்கொண்டு நிற்பவை நினைவுக்கு வந்தன. காலை வெளியே எடுத்தார்.

"கடி வாங்குறதா? அறிவா இருக்கறவனைத்தான்டி மேல தூக்கி விடுவாங்க."

"தூக்கி எங்க விடுவாங்கன்னு பாருங்க" என்று பங்கஜம் உள்ளே போய்விட்டாள்.

அவர் தன்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதிகாரியை உண்ணி கடித்து, அந்த எரிச்சலில் மாற்றல் கெட்டுப்போனால்? அதற்கும் முந்தின வாரமே ஏற்பாடு நடந்திருந்தது. ஜீப் டிரைவரிடம் அதிகாரியின் இடுப்பைப் பற்றி விசாரித்து, ("நம்ம சாரா? இந்த ஸ்டீயரிங்கு மாதிரி ஒண்ணரை வையுங்க") ஒரு ஜோடி காக்கி தைக்கக் கொடுத்து, மருந்துக் கஞ்சி போட்டு, செய்தித்தாளில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

பலராமன் வந்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். "யோவ், இது துணியா தகரமாய்யா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு இரண்டு பேரும் சரக் சரக்கென்று முன்னே நடக்க, மற்றவர்கள் காற்று வரும் பக்கமாகப் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள்.

ஒரு கல்லருகே சூசைராஜ் குனிந்தார்.

"சார், அசையாதீங்க. உங்க முட்டிக்குக் கீழ ஒண்ணு ஏறுது."

அதிகாரி உறைந்து நின்றார்.

"ஏறுது... ஏறுது... நின்னுடுச்சு. தள்ளாடுது சார், கள்ளு குடிச்சா மாதிரி. அடேய்! வுழுந்துடுச்சு!"

பலராமன் சர்க்கஸ் பார்க்கும் பிள்ளையைப் போல் கைதட்டினார். "இன்னொண்ணு வருதா பாருய்யா!" என்று வேண்டுமென்றே அடர்ந்த புல்லுக்குள் இறங்கினார். மூன்று விழுந்தன. ஏகாம்பரநாதன் நெஞ்சு கஞ்சிக்குள்ளேயே விரிந்தது. காஞ்சிபுரத்து மின்விசிறி தலைக்குமேல் சுற்றுவது போலிருந்தது.

அப்போது எதிரில் கண்ணப்பன் வந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. கழுத்தில் தடிப்பு. வணக்கம் சொல்லத் தூக்கிய கை, போகிற வழியிலேயே விலாவைச் சொறிந்துவிட்டுத்தான் நெற்றிக்குப் போயிற்று.

"என்னய்யா இது கோலம்?" என்றார் பலராமன். "உமக்கு இந்தக் காடு ஒத்துக்கலை. நாளைக்கே காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேரும்."

"சார்," என்றார் ஏகாம்பரநாதன். "அந்த இடத்துக்கு நானும்..."

"நீங்களா? காட்டையே ஜெயிச்ச ஆளை யாராவது காட்டை விட்டு அனுப்புவாங்களா? வேலை முடியற வரைக்கும் நீங்க இங்கதான். அடுத்த மாசம் இன்னும் ஆளுங்க வர்றாங்க. எல்லாருக்கும் நீங்களே கஞ்சி போட்டுக் கொடுத்துடுங்க."

இனி ஒரே ஒரு வழிதான். ஏகாம்பரநாதன் குனிந்து முழங்காலைச் சொறிந்தார். பலமாகவே சொறிந்தார். தகரக் கூரையில் கோழி நடப்பதுபோல் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"கஞ்சி, சார்."

"பிரமாதம்!" என்றார் அதிகாரி.

சாயங்காலம் கண்ணப்பன் பெட்டியோடு பஸ் ஏறியபோது ஏகாம்பரநாதன் வழியனுப்பப் போயிருந்தார். மனத்தில் எத்தனை கசப்பு இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"அந்த ஆபீஸ் நாற்காலியில மூட்டைப்பூச்சி ஜாஸ்தி. உட்கார்றதுக்கு முன்னாடி..."

"ஆமாமா" என்று கண்ணப்பன் சொறிந்துகொண்டே காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் பங்கஜம் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். "கண்ணப்பன் எப்படி சொறிஞ்சாரு?" என்றாள்.

"மனசாரச் சொறிஞ்சான்" என்றார் அவர்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. அவருக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது. சிரித்துக் களைத்து, அடுத்த மாதம் ஆட்கள் வருவதையும் அவர் சொன்னபிறகு கேட்டாள்: "எத்தினி பேரு வர்றாங்களாம்? சட்டி பத்தாது. அண்டாவுக்குப் பெயிண்ட் அடிச்சுடலாமா?"

நீங்கள் இந்த இனம் இல்லை என்பீர்கள். நல்லது. ஆனால் புல்நுனியில் காலை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த உண்ணியைப் பற்றி மேலே படித்தபோது, தரையில் இருந்த காலை மெல்லத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டீர்களே, அது எதற்கு? பரவாயில்லை, கீழே இறக்குங்கள்.

இறக்குவதற்கு முன் குனிந்து தரையைப் பார்க்கிறீர்கள், பார்த்தீர்களா?