ஒரு தொண்டையின் வரலாறு

பாட்டுக்காரன் ஒருவனைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஒருத்தராவது அவன் பாட்டைப் பற்றிக் கேட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். கல்யாணம் ஆயிடுச்சா, தண்ணி போடுவானா, எத்தனை சட்டை வைத்திருக்கிறான், கூடப் பாடுகிற பெண்ணோடு ஏதாவது உண்டா? விசாரிப்பு இதோடு முடிந்துவிடும். இந்த ஜனங்கள் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்த எரிச்சலில்தான் ஒரு புத்தகம் எழுதினேன். அது என் மாமன் மகனின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. எரிச்சல் மட்டும் இன்னும் குறைந்தபாடில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் கடையில் கேசட்டில் பாட்டுப் பதிந்துகொடுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து இரவுவரை காதில் ஹெட்போன். அதனால் சங்கீதத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. (எனக்கு ஆர்மோனியத்தில் ஒரு கட்டைகூட வாசிக்கத் தெரியாது.)

கடைக்கு வழக்கமாக வரும் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் துபாயிலிருந்து திரும்பியபோது ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரூம்ல எவனோ விட்டுட்டுப் போனதுப்பா. மேசை ஆடுதுன்னு காலுக்குக் கீழ வெச்சிருந்தேன். நீ படிச்ச புள்ள, வெச்சுக்க."

வெளிநாட்டுப் பாடகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரே ஒரு டிரம் அடி ஏன் கொஞ்சம் தாமதமாக விழுகிறது என்று அந்த ஆசிரியர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். பாடகரின் மனைவி மொத்தப் புத்தகத்திலும் ஒரே இடத்தில்தான் வருகிறார். அதுவும் பாட்டுப் பதிவு நடக்கும்போது கதவைத் தட்டிக் காரியத்தைக் கெடுத்ததால்! எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆளுக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. என் தாய்மாமன் மகன் சவரிமுத்துதான் அன்றைக்கு அரியலூர் வட்டாரத்தின் நட்சத்திரம். எந்த ஊரில் திருவிழா என்றாலும், மாதா கோயிலோ மாரியம்மன் கோயிலோ, இன்னிசைக் கச்சேரி என்றால் அவன்தான் பாட வேண்டும். பகலில் அவன் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. (இந்தத் தகவலை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

பேட்டி எடுக்கப் போனேன்.

"மச்சான், ரெண்டாவது சரணத்துல மூச்ச எங்க எடுக்குற?"

"மூச்சா? அது பாட்டுக்கு வரும் போவும். ஜெயங்கொண்டத்துல என் பெல்பாட்டத்தப் பாத்துட்டு ஒரு பொண்ணு என்ன பண்ணுச்சுன்னா..."

"பெல்பாட்டம் வேணாம்."

"அப்ப கர்ச்சீப்ப எழுது. கடைசிப் பாட்டுல தூக்கி வீசுவேன்ல? அதுக்குன்னே ஒரு கூட்டம் வருதுடா."

"கர்ச்சீப்புக்கு சுருதி உண்டா மச்சான்?"

அவன் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தான்.

ஆறு மாதம் அவன் கச்சேரிக்கெல்லாம் பின்னாலேயே போய், டேப்ரிக்கார்டரில் பதிந்து, கடையில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதி முடித்தேன். தலைப்பு: 'ஒரு தொண்டையின் வரலாறு'. சவரிமுத்து என்ற பெயர் அட்டையில் மட்டும்தான். உள்ளே முழுக்க 'பாடகர்', 'பாடகர்' என்றே போகும். பிறந்த ஊர் இல்லை, வளர்ந்த கதை இல்லை, அப்பா அம்மா இல்லை. இசைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரியும் உள்ளே வரக்கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். அட்டையில்கூட மைக் படம்தான்.

அச்சகக்காரர் மட்டும் தயங்கினார். "தம்பி, ஆளு போட்டோ ஒண்ணு போட்டுடலாமே?"

"ஆளு முக்கியமில்லீங்க."

"அப்ப எதுக்குத் தம்பி புஸ்தகம்?"

இசை தெரியாத மனிதர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பிரதிகளைக் கட்டித் தூக்கிவந்தேன். அவற்றில் முக்கால்வாசி என் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தன.

இந்தச் சமயத்தில் சவரிமுத்து ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், அங்கே பாடல்குழுவில் பாடிக்கொண்டிருந்த ஸ்டெல்லா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். வரதராசன்பேட்டை அருளப்பன் வாத்தியாரின் மகள். அதோடு ஆள் காலி. சாப்பிடுவதில்லை. கம்பத்தில் ஏறினால் இறங்க மறந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்று கரண்ட் ஆபீஸிலிருந்து புகார் வந்தது. அந்தப் பெண் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டான். மூன்று வருடமாக அவனுக்குப் பெண் தேடிக் கால் தேய்ந்துபோயிருந்த அவன் அம்மா, என் லூர்து அத்தை, உடனே தரகரை அனுப்பினார். தரகர், பையனைப் பற்றி விவரம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகனைப் பற்றி நான் ஒரு புத்தகமே போட்டிருப்பது தெரியும். "எம்மவன் கதை பூரா இதுல இருக்குங்க" என்று பெருமையோடு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

போன தரகர் பத்து நாளில் திரும்பி வந்தார். அவர் வந்த மறுநாள் அத்தை எங்கள் கடைக்கு வந்து, என் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

"ஏன்டா, உங்க மாமா உசுரோடதானடா இருக்காரு? மூணு வேளையும் சோறு திங்கிறாரேடா! அவர எங்கடா தொலைச்ச?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பையனுக்கு அப்பா யாருன்னு புஸ்தகத்துலயே இல்லியாம். எந்த ஊர்னு இல்லியாம். தொண்டையில வேற ஏதோ பெரிய சீக்காம். இந்த எடமே வேணாம்னுட்டாரு வாத்தியாரு!"

"அத்தை, மாமாவுக்கு மச்சானோட இசையில பங்கு ஒண்ணும்..."

"பெத்ததுல பங்கு இருக்குல்லடா!"

கடையில் கேசட் வாங்க வந்திருந்தவர்கள் எல்லாம் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டார்கள். "எழுதுனவனே போய் நேர்ல சொல்லிட்டு வாடா. எம்மவன் வாழ்க்கை போச்சுன்னா நீ எம்மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். அரியலூர், ஜெயங்கொண்டம் என்று மாறி மாறி வரதராசன்பேட்டை போய் இறங்கும்வரை எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. படித்த மனிதர், வாத்தியார், புத்தகத்தின் நோக்கத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். அந்த நம்பிக்கை அவர் வீட்டு வாசற்படிவரை தாங்கியது.

வாத்தியார் மேசையில் என் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் கேள்விக்குறி. பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரியே திருத்தியிருந்தார். கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, இல்லை.

"உக்காருங்க. ஆறாம் பக்கம். 'இந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது.' குரல் கெடக்கட்டும். பையன் எங்கேருந்து வந்தான்?"

"அரியலூர்ங்க."

"எழுதலியே. சரி. 'தொண்டை கட்டிய மூன்று மாதங்கள்'னு ஒரு அத்தியாயம். என்ன வியாதி?"

"சளிங்க. ஆனா அதுக்கப்புறம்தாங்க கீழ் ஸ்தாயியில அவர் குரலுக்கு ஒரு புது கனம்..."

"சளிக்கு மூணு மாசமா? எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

எடுத்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அது இசைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

"குடிப்பாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத்தான் எதையும் இசையோடு சேர்த்துச் சொல்ல வேண்டுமே. "மேல் ஸ்தாயியில பாடறவங்களுக்கு அது ஆகாதுங்க."

"அப்ப கீழ் ஸ்தாயியில பாடறப்ப?"

அவர் விடுவதாக இல்லை. பக்கத்தைப் புரட்டினார். "ஜோடிப் பாட்டப் பத்தி எழுதியிருக்கீங்க. 'அந்தப் பெண்குரலும் பாடகரும் ஆறு ஆண்டுகளாகப் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டனர்.' யாரு அந்தப் பொண்ணு?"

"பொண்ணு இல்லீங்க. அது ஆர்கன் வாசிக்கிற துரைராஜ். குழுவுல பாட பொண்ணு கெடைக்கலன்னு அவருதான் பொம்பளக் குரல்ல பாடுவாரு. மீசைகூட இருக்குங்க."

"மீசைய எழுதலியே?"

"குரல்தானுங்களே முக்கியம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உள்ளேயிருந்து வந்த காபி எனக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கடைசி ஆயுதமாக உளறிக் கொட்டினேன். "சார், பையன் கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன்ங்க. பர்மனெண்ட் வேலைங்க. பென்ஷன் உண்டுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. நல்லா சாப்புடறாங்க."

"இத ஏன்யா எழுதல?" மனிதர் கிட்டத்தட்டக் கத்திவிட்டார். "அறுபது பக்கத்துக்கு மூச்சப் பத்தி எழுதத் தெரிஞ்சவருக்கு இத ஒரு வரி எழுதத் தெரியலியா? இப்ப பொண்ணு வேணும்னு வந்து வாய்க்கு வந்ததச் சொல்றீங்க. அச்சுல இல்லாதத நான் எப்படி நம்புறது?"

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். முடிந்தது கதை. சவரிமுத்து கம்பத்தின் மேலேயே காலத்தைக் கழிக்கப்போகிறான், நான் இனி மாமா வீட்டுப் பக்கம் போக முடியாது என்று நானும் எழுந்தேன்.

அப்போதுதான் உள் கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லா முன்னால் வந்து, மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தார்.

"அப்பா, நான் இதப் பூரா படிச்சிட்டேன்."

ஒரு வாசகி! அதுவும் பாடல்குழுவில் பாடுகிறவர். இந்த உலகத்தில் யாராவது ஒருவருக்கு என் புத்தகம் புரிந்திருந்தால் அது இவராகத்தான் இருக்க வேண்டும். தாளத்தைப் பற்றிக் கேட்பாரா, சுருதியைப் பற்றிக் கேட்பாரா என்று தயாராக நின்றேன்.

"திருமானூர்க் கச்சேரியப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கீங்களே. சரணத்த ஒரு அடி முன்னாடி எடுத்துட்டாரு, கூட்டத்துல ஒருத்தரும் கவனிக்கல, ஆனாலும் கையத் தூக்கி எல்லாரையும் நிறுத்தச் சொல்லி, 'தப்பு என்மேல, மறுபடி ஆரம்பிக்கிறேன்'னாருன்னு. அது நெசமா?"

"நெசங்க! அங்க என்ன விசேஷம்னா, தபேலாக்காரர் அந்த எடத்துல ஒரு..."

"தபேலா கெடக்கட்டும். அத்தன பேரு முன்னாடி தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரா, இல்லியா?"

"ஒத்துக்கிட்டாருங்க."

ஸ்டெல்லா புத்தகத்தை மூடினார். "இந்த மாப்பிள்ளையவே பாருங்கப்பா."

"என்னம்மா இது, தப்ப ஒத்துக்குறான்னு ஒண்ண வெச்சுக்கிட்டு..."

"இந்த வூட்டுல வேற யாராச்சும் ஒத்துக்குவாங்களாப்பா?"

சமையலறையில் வாத்தியாரின் மனைவி ஏதோ பாத்திரத்தைச் சத்தமாகக் கீழே வைத்தார். வாத்தியார் தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காபி ஆறிடுச்சு, குடிங்க" என்றார்.

அடுத்த வாரமே அவர் நேரில் அரியலூர் கரண்ட் ஆபீஸுக்குப் போய் விசாரித்தார். மாமாவையும் பார்த்து, இவர் நிஜமான அப்பாதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். கோயிலில் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தார்கள். பங்குச் சாமியார் 'இன்னாரின் மகன் சவரிமுத்து' என்று மாமாவின் பெயரைச் சொல்லி வாசிக்கும்போதெல்லாம் அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்று ஞாயிறும் பார்த்தார்.

புத்தகம் ஜெயித்துவிட்டது என்று நான் கொஞ்ச நாள் நிமிர்ந்து நடந்தேன். அதற்கும் ஆயுசு கல்யாணம் முடிந்து மூன்று மாதம்தான். ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தார். "அண்ணே, இப்படி எழுதி என்னைய ஏமாத்திப்புட்டீங்களே! குடைய பஸ்ஸுல விட்டுட்டு வந்தது அவரு. நாந்தான் ஞாபகப்படுத்தலயாம். ஒரு நாளாச்சும் தப்பு என்மேலன்னு வாயத் தொறந்து சொல்லட்டும் பாப்போம்!"

சவரிமுத்துவிடம் கேட்டேன். அவன் அசரவில்லை. "அது மேடைடா. இது வூடு."

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தச் சண்டைக்கும் நான்தான் ஜாமீன்தாரர். பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததும், அப்பா தப்பை ஒத்துக்கொள்ளாத நேரமெல்லாம் சமையலறைக்கு ஓடிக் குழம்புக் கரண்டியை எடுத்துவந்து சவரிமுத்துவின் வாய்க்கு நேரே மைக் மாதிரி நீட்டுவார்கள். மைக்கைப் பார்த்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தப்பு என்மேல, மறுபடி ஆரம்பிக்கிறேன்" என்று கணீரென்று சொல்லிவிடுவான். வீடே சிரிக்கும். நான் ராப்பகலாகக் கேட்டுக் கேட்டு எழுதிய மூச்சும் சுருதியும் போன இடம் தெரியவில்லை. அந்த ஒரு வரி மட்டும் குழம்புக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்து. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம், அத்தை குழம்பு பரிமாற நின்றார். பேச்சு எப்படியோ புத்தகத்துக்கு வந்து, அப்பா பெயரை எழுதாமல் விட்டது தப்பா இல்லையா என்பதில் வந்து நின்றது. தப்பே இல்லை என்று நான் வழக்கம்போல் வாதாடிக்கொண்டிருந்தேன். பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்திருந்த மாமா மெதுவாகக் கையை நீட்டி, அத்தையிடமிருந்து குழம்புக் கரண்டியை வாங்கினார். அதை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

"சொல்லு மருமவனே."

பந்தி முழுக்க என்னையே பார்த்தது. சவரிமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் மேடையில்கூடப் பார்த்ததில்லை. கரண்டியை வாங்கினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மாமா, இப்பவும் சொல்றேன். மச்சான் பாட்டுக்கு நீங்க சம்பந்தமில்லாத ஆளுதாங்க."

மாமாதான் முதலில் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, பந்தியில் எல்லோருக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தவர், என் இலையைத் தாண்டிப் போய்விட்டார்.