பேரியம் குடித்த அன்று கொடுத்த மன்னிப்பு

என் மனைவிக்குத் தம்பியும், ஓட்டுத் தொழிற்சாலையில் என்னோடு ஒரே சூளையில் வெந்தவனுமாகிய மச்சானுக்கு, உன் மாமா சொல்லச் சொல்ல மருமகள் எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் நலம், நான் உட்பட. அதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

முந்தாநாள் போனில் உன்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். நீயும் அழுதாய், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன் என்றாய். அது சாகப்போகிறவன் கொடுத்த மன்னிப்பு. ஆள் சாகவில்லை என்பதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் பேச்சு மாறிவிடும், அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். கொஞ்ச நாளாகவே சாப்பாடு நெஞ்சோடு நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்றது. டாக்டர் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அங்கே இருந்தவர் ஒரு டம்ளர் நிறைய வெள்ளையாக எதையோ கொடுத்துக் குடிக்கச் சொன்னார். சுவர் பூசுகிற சுண்ணாம்புக்கு வாசனை காட்டினது மாதிரி இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்து முடித்த பிறகு, என்ன மருந்து தம்பி என்று கேட்டேன். "பேரியம், பெரியவரே. இன்னைக்குப் பூரா தண்ணி நிறையக் குடிங்க" என்றார். நான் காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும். ஓட்டில் வெள்ளை உப்புப் பூக்காமலிருக்கக் களிமண்ணில் கலப்போமே, அந்தப் பொடி. மூட்டை பார்க்கச் சின்னது, தூக்கினால் இடுப்பு பேசும். மேனேஜர் பேரியம் பேரியம் என்று கத்துவார். அதில் ஒரு பிடியை நீ வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் அக்காவின் தட்டிலேயே மாவோடு பிசைந்து, எலிக்கென்று உருண்டை பிடித்து அலமாரியில் வைத்தாய். தின்ற எலியெல்லாம் தண்ணீர் தேடிச் சாக்கடைக்கு ஓடின. வேலை முடிந்து பசியோடு வந்த நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கை கால் துவண்டு விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து, நீ பேதி உப்பைக் கரைத்து வாயில் ஊற்றினாய். குடியிருப்பு மொத்தத்துக்கும் இருந்த ஒரே கக்கூஸை நான் பிடித்துக்கொண்டேன். வெளியே வரிசை நின்றது. அந்த வரிசைக்கு நீ கதை சொன்னாய். அன்றிலிருந்து நான் எலி மாமா. நான் உன்னோடு பேசாததும் அன்றிலிருந்துதான்.

ஆகவே, தண்ணீர் குடி என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரையும் கலவரப்படுத்தாமல் வீட்டுக்கு வந்து படுத்தேன். தாகம் எடுத்தது. கைக்கடிகாரத்தை மகனிடம் கொடுத்தேன். மருமகளிடம், உன் சமையலில் ஒரு குறையும் இல்லையம்மா என்றேன். (இதை இப்போது திரும்பப் பெற முடியவில்லை. அவள்தான் எழுதுகிறாள்.) கடைசியாக உனக்குப் போன் போட்டேன். பிறகு கண்ணை மூடிக் காத்திருந்தேன். காத்திருந்ததில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. படம் வாங்கப் போன இடத்தில் அந்த எக்ஸ்ரேகாரரைப் பிடித்து, ஓட்டுப் பொடியையும் எலி உருண்டையையும் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கும் வரை, என்னோடு வந்திருந்த உன் அக்காவும் சிரித்தாள்.

"பேரியம்ங்கிறது குடும்பப் பேரு மாதிரி பெரியவரே. உங்க ஓட்டுப் பொடி வயித்துப் புளிப்புல கரைஞ்சு ரத்தத்துல கலந்துரும், ஆளையே சாய்ச்சுரும். நான் குடுத்தது அவனோட அண்ணன். எதுலயும் கரைய மாட்டான், வந்த வழியே போயிடுவான். எக்ஸ்ரே அவனைத் தாண்டிப் போகாது, அதான் உங்க தொண்டை படத்துல வெள்ளையா தெரியுது. தண்ணி குடிக்கச் சொன்னது உள்ள இறுகிடக் கூடாதுன்னுதான். வாணத்துல பச்சை வெளிச்சம் வருதே, அதுவும் இந்தக் குடும்பம்தான்."

"அப்ப அந்த உருண்டையைத் தின்னுட்டு நான் எப்படிய்யா பொழைச்சேன்?" என்றேன். பேதி உப்பைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அதான் மருந்தே. அந்த உப்பு விஷத்தைப் பிடிச்சு, நேத்து நீங்க குடிச்சீங்களே, அதே சாது அண்ணனா மாத்திடுச்சு. யாரு குடுத்தா?"

"என் தம்பிங்க" என்றாள் உன் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தீங்களே."

யோசித்துப் பார் மச்சான். நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்த கோபம். இரண்டு பேச்சில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் அந்த மனிதர். இனி உன்னை முழு மனதோடு திட்டவும் முடியாது. இது நீ எனக்குச் செய்த அடுத்த துரோகம். உயிரைக் காப்பாற்றினாய், சரி. அதற்காக ஊர் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டுமா? பட்டப்பெயருக்கு மாற்று உப்பு உண்டா? எனவே மன்னிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறாதே.

உன் வீட்டுப் பிள்ளைகள் மேலும் மேலும் வளரட்டும், உன் முழங்கால் வலி குறையட்டும், நீ மட்டும் அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன் மாமா (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: உன் அக்கா மருந்து வரிசையில் நின்றபோது டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். படத்தில் ஒரு இடம் குறுகித் தெரிகிறதாம். குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றார். அந்தப் 'பெரும்பாலும்' எனக்குப் பிடிக்கவில்லை. உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை போக வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும் என்கிறார்கள். மேலே எழுதியதில் பேரியத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் இருக்கட்டும், மற்றதை அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு மச்சான்.